தோல் கடையில் கிடைக்குமா?



சென்ற இதழில் ரத்த தானம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது அல்லவா? அதைப் படித்துவிட்டு எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் கிளம்பியது. “ரத்தம் கொடுக்கலாம், கண் கொடுக்கலாம், சரி. தோல் கொடுக்க முடியுமா? தீக்காயம் பட்டவங்களுக்குத் தோலை எங்கேயிருந்து கொண்டு வருவாங்க? கடையிலயா விக்குது?” என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

தோல் என்ன சும்மாவா?

நம் உடம்பிலேயே பெரிய உறுப்பு எது? இதயமா, கல்லீரலா? இரண்டும் இல்லை. தோல்தான். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரும். ஒரு ஆள் படுக்கிற பாய் அளவு!

இந்தப் பாய்க்கு இரண்டு முக்கியமான அடுக்குகள் உண்டு. மேலே இருப்பது மேல்தோல். இது மிக மெல்லியது. தேயத் தேயப் புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழுசாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருப்பது உள்தோல். ரத்தக் குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, முடியின் வேர் எல்லாம் இங்கேதான். இதையெல்லாம் தாங்கிப் பிடிக்கிற வலை மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் கொலாஜன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க வரும்.

தோல் செய்கிற வேலைகள் பல. அதில் உயிரைக் காப்பவை இரண்டு. ஒன்று, உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாமல் வைப்பது. இரண்டு, வெளியே இருக்கிற கிருமியை உள்ளே விடாமல் தடுப்பது. பெரிய தீக்காயத்தில் இந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நின்றுபோகிறது. உடம்பின் நீர் ஆவியாகி, கசிந்து போய்க்கொண்டே இருக்கும். கிருமிகளுக்கோ கதவு திறந்த வீடு. தீ அணைந்த பிறகும் நோயாளிக்கு ஆபத்து தீராமல் இருப்பது இதனால்தான்.

சூடு எவ்வளவு ஆழம்?

தோசைக்கல் விரலில் பட்டால் சிவந்து எரியும். சில நாளில் சரியாகிவிடும். மேல்தோலோடு போன காயம் அது. கொதிக்கிற ரசம் கொட்டினால் கொப்புளம் வரும். உள்தோலின் மேல்பாகம் வரை சூடு போயிருக்கிறது. அங்கே முடியின் வேர்கள் உயிரோடு இருப்பதால், அவற்றைச் சுற்றியுள்ள செல்களிலிருந்து புதுத்தோல் முளைத்து வந்துவிடும்.

ஆனால் புடவையில் தீப்பிடித்தால்? சூடு உள்தோலைத் தாண்டிப் போய்விடும். நரம்புகளும் கருகிவிடுவதால் அந்த இடத்தில் வலிகூடத் தெரியாமல் போகலாம்! “வலிக்கலை, அப்போ லேசான காயம்தான்” என்று நினைப்பது ரொம்பத் தவறு. அங்கே முளைப்பதற்கு வேர் எதுவும் மிச்சமில்லை. மேல்தோல் போல உள்தோல் தானாகத் திரும்ப வளராது. வெறும் தழும்புதான் வரும். அந்தத் தழும்பு இறுகிச் சுருங்கும். கழுத்தில் வந்தால் தலையைத் திருப்ப முடியாது. முழங்கையில் வந்தால் கை நீளாது.

எவ்வளவு பரப்பு எரிந்தது என்று கணக்கிட டாக்டர்கள் ஒரு ஒன்பது வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் சேர்த்து 9 சதவீதம், ஒரு கை 9, ஒரு கால் 18, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18. இடுப்புக்குக் கீழே மீதி 1. கூட்டிப் பாருங்கள், 100 வரும். (கணக்கு மாஸ்டர் சந்தோஷப்படுவார்!) சிறு குழந்தைகளுக்குத் தலை பெரியதாக இருப்பதால் இந்தக் கணக்கு மாறும்.

எங்கள் அத்தைக்கு நடந்தது

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அத்தைக்கு அடுப்பிலிருந்து முந்தானையில் தீப்பிடித்தது. வலது கை முழுதும், மார்பும் வெந்துபோனது. சுமார் 20 சதவீதம் என்று டாக்டர் சொன்னார். ஆழமான காயம், தோல் ஒட்டு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்.

எங்கள் பாட்டி உடனே, “எனக்கு வயசாயிடுச்சு டாக்டர். என் தோலை உரிச்சு எடுத்துக்கோங்க. எம் பொண்ணு முழுசா வரட்டும்” என்று அழுதார். டாக்டர் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். “அம்மா, நீங்க பெத்த பொண்ணுதான். ஆனா உங்க தோலை அவங்க உடம்பு ஏத்துக்காது. ரெண்டு மூணு வாரத்துல அந்நியம்னு கண்டுபிடிச்சுத் தள்ளிடும். நிரந்தரமா ஒட்டணும்னா அவங்க தோலே வேணும்.”

அதனால் அத்தையின் தொடையிலிருந்தே மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் கையிலும் மார்பிலும் ஒட்டினார்கள். ஒட்டியது நன்றாகப் பிடித்தது. ஆனால் நான் பார்க்கப் போனபோது அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கை பரவாயில்லடா கண்ணு. தொடைதான் தாங்கல.”

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. ஒரு காயத்தை மூட இன்னொரு காயத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது! 20 சதவீதக் காயத்துக்கு மீதி 80 சதவீதம் தோல் இருந்தது. 70 சதவீதம் வெந்தவருக்கு எங்கே போவது? இருக்கிற 30 சதவீதத்தில் முகம், பாதம் எல்லாம் போக எடுக்கக்கூடிய இடம் இன்னும் குறைவு. எடுத்த தோலில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, வலை மாதிரி இழுத்து, அதிக இடத்துக்குப் பரப்புவார்கள். எடுத்த இடம் ஆறியதும் அதிலிருந்தே மறுபடியும் எடுப்பார்கள். அதற்குள் மூடாத இடங்களில் கிருமி புகுந்துவிடலாம். இங்கேதான் “செயற்கைத் தோல்” என்ற எண்ணம் பிறந்தது.

நம்ம சர்தார் பட்டேல் ரோட்டில்...

பெசன்ட் நகரிலிருந்து கிண்டி போகிற பஸ்ஸில் மத்திய கைலாஷ் தாண்டியதும் வலதுபக்கம் பாருங்கள். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சி.எல்.ஆர்.ஐ. என்று சொல்வார்கள். 1948-இல் தொடங்கியது. “செருப்பு, பை செய்யற ஆராய்ச்சிதானே?” என்று நானும் என் நண்பர்களும் பேசிக்கொள்வோம். செருப்புத் தோலுக்கும் தீக்காயத்துக்கும் என்ன சம்பந்தம்?

கொலாஜன்தான் சம்பந்தம்! பச்சைத் தோலைப் பதனிடுவது என்றால் அதிலுள்ள கொலாஜனை அழுகாமல் உறுதிப்படுத்துவதுதான். மாட்டுத் தோலில் இருக்கிற கொலாஜனும் நம் தோலில் இருக்கிற கொலாஜனும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. அதனால்தான் தோல் பதனிடுவதை ஆராய்ந்த அதே நிலையத்தில், கொலாஜனைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துக் காயத்தின் மேல் போடுகிற மெல்லிய தாளாகச் செய்கிற ஆராய்ச்சியும் வளர்ந்தது.

இன்னொரு பெருமையும் சொல்கிறேன். கொலாஜன் எப்படிப்பட்ட அமைப்பு என்பதை உலகுக்குச் சொன்னதே நம் சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் அதை வெளியிட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட அமைப்பு அது. நம் வீட்டில் மூன்று கால் எடுத்துப் பின்னல் போடுகிறோமே, அந்த மாதிரி மூன்று இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கொலாஜன் கொடுத்து உதவியது இதே தோல் ஆராய்ச்சி நிலையம். சுறாத் துடுப்பிலிருந்து எடுத்தது. கொடுத்தவர் விஞ்ஞானி ஒய். நாயுடம்மா. பிறகு கங்காருவின் வால் தசைநாரிலிருந்து இன்னும் தெளிவான எக்ஸ்ரே படம் கிடைத்தது. இன்று சி.எல்.ஆர்.ஐ.யில் உள்ள அரங்கத்துக்கே அந்த மூன்று இழை முறுக்கின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மாடும் சுறாவும் சேர்ந்து செய்த தோல்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜான் பர்க் என்ற அறுவை சிகிச்சை டாக்டரும், எம்.ஐ.டி.யில் அயோனிஸ் யனாஸ் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து ஒரு செயற்கைத் தோலைச் செய்தார்கள். அதற்கும் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு, மாட்டுத் தோலின் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளும் கலந்த பஞ்சு. மேல் அடுக்கு மெல்லிய சிலிகான் தாள். சிலிகான் நீரையும் கிருமியையும் தடுக்கும்.

பஞ்சு எதற்கு? அதுதான் அருமையான யோசனை. கொத்தனார் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவர் எழும்பும் வரை சாரம் வேண்டும். எழும்பியதும் பிரித்துவிட வேண்டும். இந்தப் பஞ்சும் ஒரு சாரம். நோயாளியின் செல்களும் ரத்தக் குழாய்களும் அதன் துளைகளுக்குள் ஏறிப் புது உள்தோலைக் கட்டும். கட்டக் கட்டப் பஞ்சு தானாகக் கரைந்துபோகும். சீக்கிரம் கரைந்தால் சுவர் விழும். கரையாமல் நின்றால் தழும்பு வரும். இரண்டும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து சிலிகானை உரித்துவிட்டு, நோயாளியின் சொந்த மேல்தோலை மிக மெல்லிசாகச் சீவி மேலே வைப்பார்கள்.

1981-இல் 10 நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டார்கள். அவர்கள் உடம்பில் 50 முதல் 95 சதவீதம் வரை தீக்காயம். எவ்வளவு துணிச்சல்!

சோதனை இல்லாமல் ஒட்டிவிடலாமா?

கூடாது. ஒரு புதுத் தோலை நோயாளி மேல் வைப்பதற்கு முன் பல பரீட்சை உண்டு. நமக்கு மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு இருக்கிற மாதிரி அதற்கும் உண்டு.

முதல் தேர்வு: பொருளைச் சோதிப்பது. இழுத்தால் கிழியுமா? தையல் போட்டால் தாங்குமா? ஈரத்தை எவ்வளவு விடுகிறது? ரொம்ப விட்டால் காயம் காய்ந்துவிடும். கொஞ்சமும் விடாவிட்டால் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். கொலாஜனைக் கரைக்கிற நொதியில் போட்டு எத்தனை நாளில் கரைகிறது என்றும் பார்ப்பார்கள்.

இரண்டாம் தேர்வு: செல்களோடு. கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிருள்ள தோல் செல்களோடு அந்தப் பொருளை வைப்பார்கள். செல்கள் செத்தால் அதில் ஏதோ நஞ்சு இருக்கிறது. செல்கள் ஏறி வளர்ந்தால் பாஸ்.

மூன்றாம் தேர்வு: விலங்குகளில். பெரும்பாலும் எலிகள். இது எனக்கும் மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது.

நான்காம் தேர்வு: மனிதர்களில். என்ன செய்யப்போகிறோம், எந்தப் பிராணியின் பொருள், என்ன ஆபத்து என்று எல்லாவற்றையும் நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். மாடு, பன்றி என்றால் வேண்டாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சொல்வதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

இந்த நான்காம் தேர்வில் ஒரு சிக்கல். ஒருவருக்குச் சீக்கிரம் ஆறியது என்றால் அது புதுத்தோலாலா, அல்லது அவர் இளைஞர் என்பதாலா? எப்படித் தெரியும்? அதற்கு ஒரு நல்ல வழி, ஒரே நோயாளியின் இரண்டு காயங்களை எடுத்துக்கொள்வது. ஒன்றில் புதுத்தோல், மற்றதில் வழக்கமான சிகிச்சை. வயசு, சாப்பாடு, உடம்பு எல்லாம் ஒன்றே. வித்தியாசம் வந்தால் அது தோலால்தான்!

பர்க், யனாஸ் கண்டுபிடித்த தோலுக்கு இப்படித்தான் ஒரு பெரிய சோதனை நடந்தது. 11 மருத்துவமனைகள், 106 நோயாளிகள். 1988-இல் முடிவு வெளியானது. என்ன வந்தது தெரியுமா? வழக்கமான முறையில் ஒட்டியது 95 சதவீத அளவு பிடித்தது. செயற்கைத் தோல் 80 சதவீதம்தான் பிடித்தது. “அப்போ ஃபெயிலா?” என்று கேட்பீர்கள். இல்லை! மேலே வைக்க மிக மெல்லிய தோல் போதும் என்பதால், அதை எடுத்த இடம் சராசரியாக 4 நாள் முன்னதாகவே ஆறிவிட்டது. பிறகு தழும்பின் கடினமும் குறைவாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அத்தையின் தொடைதான் நினைவுக்கு வந்தது. காயம் மூடியதா என்று மட்டும் பார்த்திருந்தால் இந்த 4 நாள் கணக்கிலேயே வந்திருக்காது. எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். இந்தத் தோலுக்கு அமெரிக்க அரசின் அனுமதி 1996-இல் கிடைத்தது. யோசனையிலிருந்து அனுமதி வரை கால் நூற்றாண்டு!

உருளைக்கிழங்கு, வாழை இலை, மீன்

வெளிநாட்டுச் செயற்கைத் தோலின் விலை நம் ஊர் ஏழை நோயாளிக்கு எட்டாது. அதனால் நம் நாட்டு டாக்டர்கள் வேறு வழியும் தேடினார்கள். மும்பையில் 1980-களில், வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலைத் துணியில் ஒட்டி, கிருமி நீக்கி, தீக்காயத்துக்குக் கட்டாகப் போட்டுப் பார்த்தார்கள். 2003-இல் மும்பை டாக்டர்கள் வாழை இலையையும் அதே போல் கிருமி நீக்கிச் சோதித்தார்கள். இரண்டும் காயத்தில் ஒட்டிக்கொள்ளாததால் கட்டுப் பிரிக்கும்போது வலி குறைவு. வாழை இலை விலையிலும் குறைவு. (இவை ஆழமில்லாத காயத்துக்கான கட்டுகள். உள்தோலை இவை வளர்க்காது. வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள்! ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கிய இலை வேறு, நாம் சாப்பிடுகிற இலை வேறு.)

பிரேசில் நாட்டில் திலாப்பியா மீனின் தோலைச் சுத்தம் செய்து தீக்காயத்தில் போடுகிறார்கள். அதிலும் கொலாஜன் நிறைய. நம் ஊரூர் குப்பத்துப் படகுகள் வந்ததும் கரையில் மீன் கழிவு எவ்வளவு கிடக்கிறது பார்த்திருக்கிறீர்களா? மீன் தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் கொலாஜன் எடுக்கிற ஆராய்ச்சி நம் சி.எல்.ஆர்.ஐ.யிலும் நடந்திருக்கிறது.

பக்கத்து மாநிலத்திலிருந்தும் ஒரு நல்ல செய்தி. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி, மிச்சமுள்ள வலையைக் காயம் ஆற்றும் தாளாக ஆக்கியது. 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் பெற்றது.

ஆனாலும் நண்பர்களே, உண்மையைச் சொல்ல வேண்டும். வியர்க்கிற, முடி முளைக்கிற, நம் தோல் மாதிரியே இருக்கிற செயற்கைத் தோல் இன்றும் சிகிச்சைக்கு வந்தபாடில்லை.

தோல் தானம்

பாட்டியின் தோல் அத்தைக்கு நிரந்தரமாக ஒட்டாது என்றேன். ஆனால் பெரிய காயத்துக்கு இரண்டு மூன்று வாரத் தற்காலிக மூடியே உயிர் காக்கும்! அதற்குத்தான் தோல் வங்கி. இறந்தவரின் உடலிலிருந்து 6 மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகுப் பகுதியில் மெல்லிய தோலை எடுத்து, கிளிசரினில் பதப்படுத்திக் குளிரில் வைப்பார்கள். 5 வருடம் வரை இருக்கும். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. உடல் சிதைந்து தெரியாது. வீட்டில் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். எங்கள் பாட்டி சம்மதம் சொல்லிவிட்டார். “அப்போ குடுக்க முடியல, அப்புறமாவது குடுக்கறேன்” என்றார்.

நாம் இன்றே செய்யக்கூடியது

1. உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்று பட்டுத் தீ வளரும். நில், படு, உருள்!

2. சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம்.

3. இட்லி மாவு, இங்க், டூத் பேஸ்ட், மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். சூடு உள்ளேயே தங்கும். டாக்டருக்குக் காயத்தின் ஆழமும் தெரியாது.

4. மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

5. சுத்தமான துணியால் மூடி, 108-க்கு போன் செய்யுங்கள்.

6. சமைக்கும்போதும், தீபாவளிக்கும் பருத்தி உடை. முந்தானையை, துப்பட்டாவைச் சொருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆக, “தோல் கடையில் கிடைக்குமா?” என்று கேட்ட நண்பனுக்கு என் பதில்: சாரம் கிடைக்கும்டா. வீட்டை உடம்புதான் கட்ட வேண்டும். சந்தேகம் இருப்பவர்கள் மதிய இடைவேளையில் என்னைக் கேட்கலாம். எனக்குத் தெரியாவிட்டால் அறிவியல் டீச்சரிடம் சேர்ந்து போய்க் கேட்போம்.



— 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு